குறளிக்கு ஒரு நல்ல வழி சொல்லுங்க: மொட்டைமாடி ஆட்டத்துக்கு யோசனை வேணும்

பாலாத்தங்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வேலூர் கொசப்பேட்டை. ஞாயித்துக்கெழமை வெயில் தாழ்ந்ததும் மொட்டைமாடில தண்ணி தெளிச்சு, தரை ஆறினப்புறம் பாய் போட்டு, பசங்களுக்குப் பகடை ஆட்டம் நடத்தறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான், ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, பகடை உருட்டிக் கதைய நடத்திக்கிட்டுப் போற ஆட்டம், ஆனா பாதி விதிய வெட்டியாச்சு. கதை நடக்கற ஊரும் நம்மூரு சாயல்தான். ஒரு கோட்டை, சுத்தி அகழி, அகழில முதலை. (ஒரு காலத்துல கோட்டை அகழில முதலை இருந்துச்சுன்னு வேலூர்ல எல்லா வீட்லயும் ஒரு தாத்தா சொல்லுவாரு. அத அப்படியே எடுத்துக்கிட்டேன்.)

ஆடறவங்க நாலு பேரு. என் அக்கா பையன், பன்னெண்டு வயசு. கீழ் வீட்டுப் பொண்ணு, அவனவிட ஒரு வயசு பெரியவ. அடுத்த தெருவுல இருந்து அண்ணன் தம்பி ரெண்டு பேரு, அவங்க வாய் எப்பவும் எதையாவது மென்னுகிட்டே இருக்கும்.

பிரச்னை அக்கா பையன் எடுத்துக்கிட்ட பாத்திரத்துல வந்துச்சு. கெண்டர்னு ஒரு இனம். குள்ளமா, பயமே இல்லாம, எதைப் பாத்தாலும் தொட்டுப் பாக்கற, தொட்டது கைல வந்துட்டா தன் பையில போட்டுக்கற சாதி. படிச்ச உடனே "சித்தி, இது நான்தான்"னு எடுத்துக்கிட்டான். போன வாரம் பாலமதி மலை மாதிரி ஒரு மலை ஏறும்போது கீழ் வீட்டுப் பொண்ணு தன் மூட்டைய தெறந்தா கயிறக் காணோம். அந்தப் பொண்ணு தன் சாமான் எல்லாத்தையும் ஸ்கேல் வெச்சு கோடு போட்டு, கட்டம் கட்டி எழுதி வெச்சிருக்கறவ. "என் கயிறு எங்கடா?" "பத்திரமா இருக்கு, எங்கிட்டதான் இருக்கு." பென்சில் பறந்துச்சு. அண்ணன் தம்பிங்க ரெண்டும் அவளோட சேந்துக்கிச்சுங்க. "அவன் திருடன், அவன் வேணாம்."

இவனுக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனம் ஒரு எடத்துல நிக்காது, கை கால் சும்மா இருக்காது. நிஜப் பையிலயும் இதே கதைதான். அக்கா அவன் ஸ்கூல் பைய கொட்டினா ஒரு பேரிங், புளியங்கொட்ட, பஸ் டிக்கெட்டு, யாரோ ஒருத்தரோட பாதி ரப்பர், ஆட்டோ கண்ணாடில இருந்து வந்த ஒரு திருகாணி. கேட்டா உடனே குடுத்துடுவான். எப்ப எடுத்தான்னு அவனுக்கே தெரியாது. பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சர் இவன "குட்டிச்சாத்தான்"னு கூப்பிட்டாங்க, இப்ப வகுப்பு முழுக்க அதுதான் பேரு. பரீட்சைக்குக் கூடுதல் நேரம் கேட்டுப் போனா, 2016 சட்டத்துல ஆட்டிசம் இருக்கு, கற்றல் குறைபாடு இருக்கு, இது தனியா இல்லையேன்னு கைய விரிச்சுட்டாங்க. அது வேற ரோதனை, இங்க வேணாம்.

கயிறு சண்டைக்கப்புறம் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டு இருந்தவன் ராத்திரி கேட்டான், "நம்ம ஊர்ல இந்த மாதிரி எதுவும் இல்லையா சித்தி?" எனக்கு எங்க ஆயா ஞாபகம் வந்துச்சு. ஆற்காட்டுப் பக்கத்து மனுசி. வீட்ல கத்திரிக்கோல் காணோம்னா, "குறளி இஸ்துகினு பூட்ச்சி"ன்னுவாங்க. குறளின்னா ஏவி விடற குட்டிப் பிசாசு. சந்தைல வித்தை காட்டறவன் குறளிய ஏவி ஆத்துக்கு அந்தப்பக்கம் இருக்கற பழத்த வரவழைப்பான், ஆகாதவன் வீட்டு மேல கல்லெறிய வைப்பான், வடிச்ச சோத்துல மண்ணள்ளிப் போட வைப்பான்னு ஏகப்பட்ட கதை. அந்தக் கதையில எல்லாம் குறளி ஒரு வார்த்த கூட பேசாது, கவனிச்சீங்களா? ஏவறவன் பேசுவான், அடி வாங்கினவன் பேசுவான்.

கெண்டர எடுத்துட்டுக் குறளிய ஆட்டத்துல ஒரு முழு இனமா வெக்கலாம்னு இருக்கேன். இந்தப் பையன் அத எடுத்து ஆடணும், தலை நிமிந்து ஆடணும். மத்த மூணும் அவன அடிக்கக் கூடாது. அதுக்காக பாடம் நடத்தற ஆட்டமாவும் ஆயிடக் கூடாது, பசங்க மோப்பம் புடிச்சிடுவாங்க. குறளிய எங்க குடி வெக்கறது, திருட்ட என்ன பண்றது, அதுக்கு என்ன குணம் குடுக்கறது? இந்த மாதிரி செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க.

---

ஆம்பூர்ப் பகடை எழுதியது:

அக்கா, கெண்டர் சண்டை உங்க மாடில மட்டும் இல்ல. 1984-ல அந்த இனம் வந்ததுல இருந்து உலகம் பூரா மேசைக்கு மேசை இதே சண்டைதான். "கெண்டர் எடுத்தா நான் எழுந்து போயிடுவேன்"னு சொல்றவங்கள நானே பாத்திருக்கேன். வேடிக்கை என்னன்னா, உண்டாக்கினவங்க நல்ல எண்ணத்துலதான் ஆரம்பிச்சாங்க. ஒரு இனமே திருட்டு இனம்னு எழுத மனசு வரல, அதனால கள்ளம் கபடம் இல்லாத ஆர்வம், எடுக்கறது அதுக்கே தெரியாதுன்னு மாத்தி வெச்சாங்க. வந்தது வேற வினை. எடுத்தவன் மேல கோவப்படவும் முடியாது, போன பொருளும் திரும்பாது. ஆடறவன் "என் பாத்திரம் அப்படித்தான்"னு தப்பிச்சிக்குவான்.

2022-ல இத சரி பண்ணப் பாத்தாங்க. சோதனைக்கு விட்ட வடிவத்துல கெண்டர் பைக்குள்ள கைய விட்டா மந்திரத்தால ஏதாவது பொருள் வரும்னு வெச்சாங்க. ரசிகர்கள் கொதிச்சு அத எடுக்க வெச்சிட்டாங்க. அந்த வருசக் கடைசில வந்த முடிவான வடிவத்துல அச்சமின்மை, எதிரிய வாயால சீண்டறது, ஏதாவது ஒரு திறமை, அவ்வளவுதான் மிச்சம். சண்ட நின்னுச்சு, ஆனா சப்புன்னு ஆயிடுச்சு.

மேசை விதி ஒண்ணு மட்டும் உறுதியா போட்டுருங்க: ஒருத்தர் காகிதத்துல எழுதி வெச்ச பொருள இன்னொருத்தர் பாத்திரம் கேக்காம தொடக் கூடாது. கதைல என்ன காரணம் சொன்னாலும் சரி. அந்தப் பொண்ணு கோடு போட்டு வெச்சிருக்கான்னா அது அவ சொத்து.

---

விருதம்பட்டான் எழுதியது:

எதுக்குங்க இவ்ளோ? அந்த ஆட்டத்துல வர்ற முரட்டு அரக்கன் ஓர்க்கும் நல்லவன், பூதமும் நல்லவன், இப்ப குறளியும் நல்லவனா? அப்பறம் பசங்க யாரத்தான் வெட்டறது? நாங்க சின்ன வயசுல மயானக் கொள்ளைக்குப் பாலாத்துல காளி வேஷத்தப் பாத்து ட்ராயரோட ஒண்ணுக்குப் போனவங்க. பயந்தாதான் கதை. பேய்க்கு எல்லாம் டாக்டர் சர்டிபிகேட் வாங்கிக் குடுத்தா வெளங்கிடும்.

---

இரும்புக்காது எழுதியது:

விருதம்பட்டாண்ணே, வெட்டறதுக்கு ஆளா இல்ல? கெட்டவன் கெட்டத செய்யறான், அதுக்காக வெட்டு. அவன் பொறந்த சாதிக்காக வெட்டாத. அவ்வளவுதான் கேக்கறாங்க.

பாலாத்தங்கரை அக்கா, நான் ராணிப்பேட்டைல லேத்துப் பட்டறைல இருக்கேன். எனக்கும் உங்க பையனுக்கு இருக்கறதேதான், கூடவே சத்தம் தாங்காது. முப்பது தாண்டி பாகாயத்துல மனநல ஆஸ்பத்திரில போய்க் காட்டினப்பறம்தான் இதுக்கு ஒரு பேரு இருக்குன்னே தெரிஞ்சுது. அதனால வெளியில நின்னு சொல்லல.

மொதல்ல ஒண்ணு. உங்க பையன் பையில இருக்கற பாதி ரப்பர எல்லாரும் பாக்கறாங்க. அவனோட பொருள் எத்தன பேர் வீட்ல கெடக்குதுன்னு யாராவது பாத்தாங்களா? எங்க ஆளுங்க எடுக்கறதவிட விட்டுட்டு வர்றதுதான் ஜாஸ்தி. என் பத்து நம்பர் ஸ்பேனர் சிப்காட்டுல யார் பட்டறைல இருக்குன்னு கடவுளுக்குத்தான் தெரியும். ஹெல்மெட்ட டீக்கடை பெஞ்சு மேல வெச்சிட்டு வண்டி ஓட்டிட்டு வந்துருவேன். கடைக்காரர் அதுக்குன்னு ஒரு ஆணி அடிச்சு வெச்சிருக்காரு. எங்கம்மா எனக்குக் கட்டிக் குடுத்த தூக்குச்சட்டியெல்லாம் கணக்குப் பண்ணினா ஒரு கல்யாண சீர் தேறும்.

அதனால குறளிய அப்படியே திருப்பிப் போடுங்க. குறளி எதையும் எடுக்காது. போற எடத்துல எல்லாம் எதையாவது விட்டுட்டு வரும். ஊர்க்காரன் வீட்ல தெரியாத சாமான் கெடக்கும், தெரிஞ்ச சாமான் எடம் மாறியிருக்கும், அவன் உடனே "குறளி புகுந்து களவாடுது"ன்னு தண்டோரா போட்டுட்டான். ஆட்டத்துக்கும் இது ஒத்து வரும். குறளி தங்கிட்டுப் போன எடத்துக்குப் பின்னாடி யார் வந்தாலும் பகடை போட்டு, அது விட்டுட்டுப் போன பொருள எடுத்துக்கலாம். கயிறு பொண்ணுக்கு நஷ்டம் இல்ல, வரவு.

ரெண்டாவது, தயவுசெஞ்சு அபூர்வ சக்தி குடுத்துடாதீங்க. கதை எழுதறவங்க எல்லாரும் இங்கதான் வந்து விழறாங்க. பையன் ஒக்கார மாட்டான், ஆனா ஊரையே காப்பாத்தற ஒரு வித்தை அவன்கிட்ட இருக்கும், கடைசில ஊரே கைதட்டும். அப்ப வித்தை இல்லாதவன் என்ன பண்றது? எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. லேத்து மட்டும் ஒழுங்கா ஓட்டுவேன், அதுவும் ரேடியோ இல்லாம. ஊர காப்பாத்தாத குறளிக்கும் ஊர்ல ஒரு பாய் வேணும்.

சக்திக்கு பதிலா பழக்கம் குடுங்க. எங்க அம்மா ஏதாவது ஞாபகம் வெச்சிக்கணும்னா முந்தானைல முடிச்சுப் போட்டுக்குவாங்க. குறளிங்க எல்லாரும் தோள்ல ஒரு நீளத்துணி போட்டுக்கட்டும், அது பூரா முடிச்சு. ஒவ்வொரு முடிச்சும் ஒரு வேலை. முடிச்ச அவுக்காம படுக்கப் போனா அதுங்க ஊர்ல கேவலம் கிடையாது, அடுத்த வீட்டுக்காரன் வந்து அவுத்து விட்டுட்டுப் போவான். முடிச்சே இல்லாம வர்ற மனுசனப் பாத்துதான் அதுங்களுக்குப் பாவமா இருக்கணும். "அய்யோ, எல்லாத்தையும் மண்டைக்குள்ளயே வெச்சிக்கினு சுத்தறியா?"

மூணாவது, எல்லாக் குறளியும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. ஒண்ணு நின்ன எடத்துல நிக்காது. ஒண்ணு வாயே தொறக்காது. ஒண்ணுக்குக் குக்கர் விசில் அடிச்சா உசிரு போயிரும். எனக்குக் கூத்துன்னா பைத்தியம், ஆனா முன் வரிசைல ஒக்காந்தா தாளச் சத்தம் மண்டையப் பொளக்கும். அதனால பக்கவாட்டுல, ஜெனரேட்டருக்கு எதிர்ப்பக்கமா, துண்ட காதுல சுத்திக்கிட்டு விடிய விடிய நின்னு பாப்பேன். என்னை யாரும் கூத்துப் பிடிக்காதவன்னு சொல்ல முடியாது. இப்படி ஒரு குறளிய உள்ள வெச்சீங்கன்னா போதும், அது என்ன வியாதின்னு பேரு போட வேணாம்.

2012-ல டேமியன் மில்டன்னு ஒருத்தர், ஆய்வாளர், அவருக்கே ஆட்டிசம் உண்டு, ஒரு விஷயம் எழுதினாரு. ஆட்டிசக்காரனுக்கு மத்தவன் மனசு புரியலன்னு சொல்றீங்களே, மத்தவனுக்கு ஆட்டிசக்காரன் மனசு புரியுதா? புரியாதது ரெண்டு பக்கமும்தான்னாரு. அத ஆட்டத்துல காட்டறது ரொம்ப சுலபம். ஒரு வாரம் எல்லாரையும் குறளி ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்க மனுசன்தான் தடுமாறணும்.

பி.கு.: ஸ்கேல் வெச்சுக் கட்டம் கட்டற அந்தப் பொண்ணும் குறளி ஊர் ரேஷன் கார்டு வெச்சிருக்காளோன்னு ஒரு சந்தேகம்.

---

செய்யார் வாத்தியார் எழுதியது:

இரும்புக்காது தம்பி சொன்னதுக்கு மேல நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு எச்சரிக்கை, ஒரு யோசனை.

குறளியைத் தயவுசெய்து ஜவ்வாது மலையில் குடி வைத்துவிடாதீர்கள். கை தானாக அங்கேதான் போகும், ஏனென்றால் வேலூரிலிருந்து பார்த்தால் கதைக்கு ஏற்ற மலை அதுதான். ஆனால் அங்கே மலையாளிப் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை நாளை வேலூரில் வந்து படிக்கும்போது, "மலைல இருந்து வந்த குறளி" என்று ஒருவன் கூப்பிட்டால் போதும். வெளிநாட்டில் ஓர்க் விஷயத்தில் நடந்த சண்டையும் இதுதான். ஒரு மக்கள் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவந்த இழிவை எல்லாம் ஒரு கற்பனை இனத்தின் மேல் அப்படியே ஏற்றிவிட்டார்கள் என்றார்கள். 2024-ல் வந்த விதிப் புத்தகத்தில் 'இனம்' என்ற பழைய சொல்லையே மாற்றி, ஓர்க்கையும் யாரும் எடுத்து ஆடலாம் என்று முதல் புத்தகத்திலேயே சேர்த்துவிட்டதாக என் மகன் சொல்கிறான்.

இரண்டாவது, 'பிறவித் திருடர்' என்ற பேச்சு. நமக்கு இது கற்பனை அல்ல. 1871-ல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறிப்பிட்ட சாதியில் பிறந்தாலே ரேகை வைக்க வேண்டும், ஊரை விட்டுப் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நாடு முழுக்க அது நீங்க 1952 ஆயிற்று. ஊர் ஊராகப் போய் வித்தை காட்டிப் பிழைத்தவர்களை ஊர்க்காரர்களும் போலீசும் எந்தக் கண்ணால் பார்த்தார்கள் என்பது உங்கள் ஆயா சொன்ன கதைக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே குறளியிடமிருந்து திருட்டைக் கழற்றச் சொன்ன தம்பியின் யோசனை வெறும் ஆட்ட வசதி அல்ல, அதுதான் சரி.

இனி என் யோசனை. எங்கள் பக்கத்துக் கூத்தைப் பாருங்கள். பாரதக் கூத்தில் துரியோதனன் வருகிறான் என்றால், அவனைக் கெட்டவன் என்று யாரும் முதலில் சொல்வதில்லை. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் நின்று அவனே தன்னைப் பாடுவான். தன் ஊர், தன் பேர், தன் பெருமை. பிறகு கட்டியக்காரன் கேள்வி கேட்பான், கிண்டல் செய்வான். அதற்கப்புறம்தான் கதை. பகாசுரனுக்கும் கீசகனுக்கும்கூட இந்த மரியாதை உண்டு. விடிந்தால் படுகளத்தில் துரியோதனனை மண்ணுருவாக்கித் தொடையைப் பிளக்கப் போகிறோம், இருந்தாலும் ராத்திரி அவன் பாட்டை முழுதாகக் கேட்கிறோம். நீங்களே கேட்டீர்கள் அம்மா, குறளி ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்று. அதற்குத் திரைப்பாட்டு கொடுங்கள். ஊரார் குறளியைப் பற்றிச் சொல்வது எதுவும் பசங்கள் காதில் விழுவதற்கு முன்னால், பையன் ஒரு போர்வைக்குப் பின்னால் நின்று தன்னைத்தானே சொல்லட்டும். பாட வராவிட்டால் வசனம். கீழ் வீட்டுப் பெண் கட்டியக்காரியாக நின்று கேள்வி கேட்கட்டும், அந்தக் கயிற்றைப் பற்றியும் கேட்கட்டும்.

விருதம்பட்டு நண்பருக்கு: இழிவான உருவத்தை விரும்பி ஏற்றவர் நம்மிடம் பழைய காலத்திலேயே உண்டு. காரைக்கால் அம்மையார் பேய் வடிவம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். பாட்டின் முடிவில் தன்னைக் 'காரைக்கால் பேய்' என்றே சொல்லிக்கொண்டார். அவரைத்தான் இறைவன் 'அம்மையே' என்று அழைத்ததாகச் சொல்கிறோம். பேயை நல்லது செய்யச் சொல்லி யாரும் மாற்றவில்லை. பேயாகவே ஆலங்காட்டில் ஆட்டம் பார்க்க இடம் கிடைத்தது.

---

விருதம்பட்டான் எழுதியது:

வாத்தியாரே, காரைக்கால் அம்மையார இஸ்துகினு வந்தா நான் இன்னா பேசறது. ஆனா வில்லன் ஒருத்தன் வேணும், அத விட மாட்டேன். பாலாத்துல மணல் அள்ற லாரிய வைங்க. ராத்திரில வரும், லைட்டு இருக்காது. அதவிட பயங்கரமான பூதம் இந்த ஜில்லாவுல கிடையாது.

---

பாலாத்தங்கரை எழுதியது:

விருதம்பட்டான் அண்ணே, உங்களுக்குத்தான் முதல் நன்றி. எங்க குடி வெக்கறதுன்னு கேட்டதுக்கு விடை உங்க கோவத்துலதான் இருந்துச்சு.

குறளிங்க பாலாத்து மணலுக்கு அடில இருக்குதுங்க. எங்க தாத்தா காலத்துல ஆத்துல கைய விட்டு மணலத் தோண்டினா ஊத்து வருமாம், ஆறு மேல காஞ்சு கெடந்தாலும் அடில ஓடிக்கிட்டே இருக்குன்னு சொல்லுவாரு. அந்த அடி ஆத்துல குறளி ஊரு. 2021 கார்த்திகைல பாலாறு கரைபுரண்டு வந்தத பசங்க நாலும் பாத்திருக்காங்க, அது குறளிங்க கதவத் தெறந்து விட்ட நாளுன்னு சொல்லிட்டேன். மேல இருந்து மணல அள்ற லாரி அதுங்க கூரைய அள்ளுது. திருட்டு யாரு பண்றாங்கன்னு நான் வாய தெறந்து சொல்லவே இல்ல. அண்ணன் தம்பில பெரியவன் ரெண்டாவது நிமிசத்துல கண்டுபுடிச்சிட்டான், "யக்கா, அப்ப நாமதான திருடனுங்க?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாம பகடைய உருட்டச் சொல்லிட்டேன்.

வாத்தியார் ஐயா, திரை பிடிச்சாச்சு. அக்காவோட பழைய போர்வை, அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ரெண்டு முனை. இவன் பாடல. போர்வைக்கு அந்தப்பக்கம் நடந்துகிட்டே இருந்தான், கால் மட்டும் தெரிஞ்சுது. அப்பறம் ஆரம்பிச்சான். அவன் சொன்னத நான் அப்பவே எழுதிக்கிட்டேன்:

"நான் மணலுக்கு அடில இருக்கறவன். எனக்கு ரெண்டு நேரம்தான், இப்ப ஒண்ணு, அப்பறம் ஒண்ணு. எனக்குப் பயம் கெடையாது, ஆனா பல்லி புடிக்காது. என் துணில நாப்பது முடிச்சு இருக்கு, பத்து முடிச்சு எதுக்குன்னு தெரியாது, ஆனா அவுக்க மாட்டேன். நான் உன் வீட்டுக்கு வந்தா ஏதாவது வெச்சிட்டுப் போவேன். அது உனக்குத்தான்னு வெச்சிக்கோ."

கட்டியக்காரி கேட்டா, "என் கயிறு?" இவன், "அது போன ஜென்மம், அப்ப நான் கெண்டர்." அவ சிரிச்சிட்டா. அது வரைக்கும் நான் மூச்சு விடல.

ஸ்கேல் பொண்ணப் பத்தி தம்பி சொன்னத அவகிட்ட நான் சொல்லல, அவளா ஒரு நாள் எடுத்துக்கிட்டா எடுத்துக்கட்டும். ஆனா தன் நோட்டுல புதுசா ஒரு கட்டம் போட்டிருக்கா, தலைப்பு "குறளி விட்டது". முதல் வரவு ஒரு திருகாணி. இவன் நிஜமாவே பையில இருந்து எடுத்து வெச்சான், அந்த ஆட்டோ கண்ணாடித் திருகாணி.

இப்போதைக்கு விதி இதுதான். குறளி ஒரு எடத்துல தங்கி எழுந்தா அந்த எடத்தோட பேர ஒரு சீட்டுல எழுதி டம்ளர்ல போடணும். பின்னாடி யார் அங்க போனாலும் இருபது முகப் பகடை உருட்டலாம். 11-ம் அதுக்கு மேலயும் விழுந்தா உதவற சாமான் ஒண்ணு கெடைக்கும். 1 விழுந்தா குறளி தனக்கு ரொம்ப வேண்டிய பொருள அங்க விட்டுட்டு வந்திருக்கு, திரும்பிப் போய் எடுக்கணும், இல்ல கைகழுவணும். முடிச்சு ஒண்ண அவுத்தா ஒரு தடவை மறுபடி உருட்டலாம். ஆட்டத்துக்குப் பத்து முடிச்சுக்கு மேல கெடையாது, நாப்பதுன்னு அவன் பீத்திக்கிட்டது பாட்டுக்கு மட்டும்தான்.

அச்சமின்மைய மட்டும் என்ன பண்றதுன்னு முடிவு பண்ணல. கெண்டர்கிட்ட அவனுக்கு ரொம்பப் புடிச்சது அதுதான். ஆனா நிஜத்துல அவன் பயப்படுவான், காட்டிக்க மாட்டான். ஆட்டத்துலயாவது பயமே இல்லாம இருக்கட்டுமா, இல்ல பயப்படலாம்னு எடம் குடுக்கறதா?

---

இரும்புக்காது எழுதியது:

அவன்தான் ஏற்கெனவே முடிவு பண்ணிட்டானே அக்கா. பயம் கெடையாது, பல்லி புடிக்காது. அப்படியே விதில எழுதுங்க: ஒவ்வொரு குறளியும் தனக்குப் புடிக்காதது ஒண்ணு எடுத்துக்கணும், அது எதிர்ல வந்தா யாரையும் கேக்காம அங்க இருந்து கெளம்பலாம், ஏன்னு யாரும் கேக்கக் கூடாது. என் குறளிக்கு ஜெனரேட்டர்.

---

ஆம்பூர்ப் பகடை எழுதியது:

ஜெனரேட்டர் விதி நல்லா இருக்கு, எங்க மேசைக்கும் எடுத்துக்கறேன். கணக்கு ஒண்ணு மட்டும் சொல்லணும் அக்கா: 11-ல இருந்துன்னா சரியா பாதிக்குப் பாதி. சின்னப் பசங்களுக்கு அது வறட்சியா இருக்கும், ரெண்டு தடவ வெறுங்கையா வந்தா மூணாவது தடவ உருட்டவே மாட்டாங்க. 8-ல இருந்து வைங்க, இருபதுல பதிமூணு தடவ ஏதாவது கெடைக்கும். அப்பறம் 1 விழுந்தா முடிச்சு செல்லுமா செல்லாதான்னு இப்பவே சொல்லிடுங்க, இல்லன்னா அதுலதான் அடுத்த பென்சில் பறக்கும்.

---

பாலாத்தங்கரை எழுதியது:

8 வெச்சிடறேன். 1-க்கு முடிச்சு செல்லாது, போனது போனதுதான். கட்டியக்காரி ஏற்கெனவே அத நோட்டுல எழுதி, கீழ எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டா.